முதலில் கட்டை, அப்புறம் ஜாக்கி

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

சேலத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 33 வருஷம் தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்தவன் நான். பள்ளி திறக்கிற நேரம் என்பதால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளும் பெற்றோரும் எழுதியவை. அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். பிளஸ் ஒன்னில் ஆட்டோமொபைல் பிரிவில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "பட்டறைக்கு அனுப்பவா இத்தனை வருஷம் படிக்க வெச்சே?" என்று மாமனார் கேட்கிறார். எனக்கோ கையில் காலில் அடிபட்டுவிடுமே என்று பயம். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், அம்மாபேட்டை

அம்மா, முதலில் உங்கள் மாமனாருக்குச் சொல்லுங்கள். நம் சுற்றுவட்டாரமே சக்கரத்தின் மேல் பிழைக்கிறது. சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள். பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்த பையன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்விப் பிரிவுக்கென்று தனி இடங்கள் உண்டு. பிளஸ் ஒன் வேண்டாம் என்றால் பத்தாவது முடித்த கையோடு ஐ.டி.ஐ.யில் சேரலாம். மோட்டார் வாகன மெக்கானிக் 2 வருஷம், டீசல் மெக்கானிக் 1 வருஷம். எந்த வழியில் போனாலும் கதவு பட்டறையோடு மூடிக்கொள்வதில்லை.

அடுத்தது உங்கள் பயம். அது நியாயமான பயம். அதைப் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே அவன் கையைப் பாருங்கள். மணிக்கட்டில் காப்பு இருக்கும். கோட்டை மாரியம்மன் கோயிலில் நீங்களே கட்டிவிட்ட கயிறும் இருக்கும். பட்டறைக்குள் நுழையும்போது இவை இரண்டும் மணிக்கட்டில் இருக்கக் கூடாது. காப்பு இரும்போ செம்போ, அது பேட்டரியின் பிளஸ் முனையையும் வண்டியின் உடம்பையும் ஒன்றாகத் தொட்டால் அடுத்த நொடி பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரி 12 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது என்று பிள்ளைகள் தைரியமாக இருப்பார்கள். அடிப்பது வோல்ட். சுடுவது அதில் பாய்கிற ஆம்பியர். ஒரு கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நேரத்தில் தள்ளும். கயிறோ, சுற்றுகிற டிரில்லிலும் ஃபேன் பெல்ட்டிலும் மாட்டினால் கையோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

"அம்மா கட்டினது சார், கழட்ட மாட்டேன்" என்று கண் கலங்கிய பையன்கள் என் வகுப்பில் வருஷத்துக்கு ரெண்டு பேராவது இருப்பார்கள். "கழட்ட வேண்டாம் சாமி, முழங்கைக்கு மேலே கட்டி, சட்டைக் கைக்குள்ளே விட்டுக்கோ" என்பேன். நீங்களே அப்படிக் கட்டி அனுப்பினால் முதல் பாடத்தை வீட்டிலேயே நடத்தியதாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பள்ளி திறந்து ரெண்டு வாரம் ஆகிறது. எங்கள் சார் இன்னும் எஞ்சினையே தொட விடவில்லை. தினமும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று அதையே எழுத வைக்கிறார். எப்போதுதான் வேலை கற்றுக்கொள்வது?
– பிளஸ் ஒன் மாணவர், ஓமலூர்

தம்பி, நீ இப்போது கற்றுக்கொண்டிருப்பதுதான் வேலை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்துகொள்.

1978, எனக்குப் பதினாறு வயது. பள்ளி விடுமுறையில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் கையாளாக இருந்தேன். முந்தின ராத்திரி மழை. மண் தரையில் ஓர் அம்பாசிடரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அடியில் சைலன்சர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி. "பன்னெண்டு ஸ்பேனர் எடுடா" என்றார். நான் எடுக்கத் திரும்பினேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈர மண்ணில் ஜாக்கியின் அடித்தட்டு நழுவுகிற சத்தம், சேற்றில் செருப்பு வழுக்குகிற மாதிரி, அவ்வளவுதான் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வண்டி இறங்கியிருந்தது. நாலு பேர் சேர்ந்து பம்பரைப் பிடித்துத் தூக்கினோம். மேஸ்திரி பிழைத்தார், ஆனால் வலது கால் கடைசி வரை சரியாகவில்லை. முட்டுக் கொடுக்க வைத்திருந்த பனங்கட்டை நாலடி தள்ளிக் கிடந்தது. அதன் மேல் அவருடைய டீ கிளாஸ் இருந்தது. பாதி டீ அப்படியே இருந்தது.

அவருக்கு இருபது வருஷ அனுபவம். வேலை தெரியாமல் அடிபடவில்லை. அஞ்சு நிமிஷ வேலைதானே என்று நினைத்தார். அந்த நினைப்பு வராமல் இருப்பதற்குத்தான் உன் சார் ரெண்டு வாரமாக எழுத வைக்கிறார்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு. வண்டி சமமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, தூக்குகிற சக்கரத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. முன் சக்கரத்தைத் தூக்கினால் பின் சக்கரத்துக்குக் கட்டை. பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை நம்பவே நம்பாதே, பெரும்பாலான கார்களில் அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதையே நீ தரையிலிருந்து எடுக்கிறாய். ஸ்டாண்டை வண்டியின் புத்தகத்தில் காட்டியிருக்கிற இடத்தில் வை. பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்கி, எடையை ஸ்டாண்டின் மேல் உட்கார வை. கையால் வண்டியை ஆட்டிப் பார். ஆடாமல் நின்றால்தான் உள்ளே போ. என் வகுப்பில் இதை வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், பக்கத்தில் நிற்கிற ஜோடி மாணவன் ஒவ்வொன்றுக்கும் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அவன் "ஆச்சு" சொல்லாமல் அடுத்த படி கிடையாது.

அப்புறம் இன்னொன்று. மூடின ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதே. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்காமலே போன கதைகள் உண்டு. ஷட்டரைத் தூக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

கேள்வி: கையில் ஒட்டின கிரீஸ் பெட்ரோலில் கழுவினால்தான் போகிறது. தவறா?
– பட்டறையில் வேலை கற்கும் இளைஞர், கொண்டலாம்பட்டி

தவறுதான். பெட்ரோல் ஆவியில் தீப்பிடிக்கத் தீக்குச்சியை அதற்குள் போட வேண்டியதில்லை. மைனஸ் 40 டிகிரியிலேயே எரியக்கூடிய ஆவியை அது விட்டுக்கொண்டிருக்கும், சேலத்து ஏப்ரல் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் மூலையில் ஓடுகிற கிரைண்டரின் பொறியைத் தேடிப் பிடிக்கும். தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சி வெடிக்க வைக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, மரத்தூளும் சோப்பும் போட்டுக் கழுவு. எந்தக் கிரீஸும் போய்விடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவுக்குச் சிறு தொகை ஒதுக்கியிருக்கிறோம். முதலில் என்ன வாங்கலாம்?
– ஒரு தலைமை ஆசிரியர், ஆத்தூர்

ஐயா, பளபளவென்று அறுத்து வைத்த எஞ்சின் மாடல் வாங்கச் சொல்லிப் பலர் வருவார்கள். அது அடுத்த வருஷம் இருக்கட்டும். முதலில் கண்ணாடி வாங்குங்கள், பாதுகாப்புக் கண்ணாடி. மாணவர் எத்தனை பேரோ அத்தனை, அதற்கு மேல் ரெண்டு. பத்துப் பேருக்கு மூணு கண்ணாடி என்றால் யாருமே போட மாட்டார்கள். அடுத்து ஒரு டிராலி ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, நாலு சக்கரக் கட்டை. உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று, மணல் வாளி ரெண்டு. தீயணைப்பானை எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். தீ அங்கேதான் பிடிக்கும், எடுக்க முடியாது. வாசல் பக்கம் மாட்டுங்கள். அதன் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வைக்க ஒரு மாணவரிடம் சொல்லுங்கள்.

வண்டிக்குக் கவலைப்பட வேண்டாம். ஊரில் யார் வீட்டிலாவது ஓடாத பழைய மாருதி ஒன்று முருங்கை மரத்தடியில் நிற்கும். கேட்டால் கொடுப்பார்கள்.

கேள்வி: எனக்கு இந்தப் பிரிவில் சேர ஆசை. "பொம்பளைப் புள்ளைக்கு வீல் நட்டு கழட்டக் கையில தெம்பு இருக்குமா?" என்று சித்தப்பா கேட்கிறார். முடியுமா சார்?
– ஒரு மாணவி, சூரமங்கலம்

முடியும் கண்ணு. இதே கேள்வியோடு ஒரு பெண் என் வகுப்புக்கு வந்தாள். நாற்பது கிலோவுக்கு மேல் இருக்க மாட்டாள். முதல் நாள் பையன்கள் அவசரப்பட்டு வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு நட்டைத் திருகினார்கள். சக்கரமே சுற்றியது, நட்டு அசையவில்லை. இவள் வண்டியை இறக்கச் சொன்னாள். சக்கரம் தரையில் இருக்கும்போது ஸ்பேனரை நட்டில் போட்டு, கைப்பிடி இடப்பக்கம் தரைக்குச் சமமாக நிற்கிற மாதிரி வைத்தாள். ஸ்பேனர் நட்டின் அடி வரை உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் ரெண்டு உள்ளங்கையையும் கைப்பிடியின் கடைசி நுனியில் வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பு எடையை மெல்ல இறக்கினாள். "கிடக்" என்று ஒரு சத்தம். துருப்பிடித்த நட்டு விட்டுக்கொடுக்கிற சத்தம் அது. அரைச் சுற்று மட்டும் தளர்த்தி விட்டு அடுத்த நட்டுக்குப் போனாள்.

அங்கே வேலை செய்தது நெம்புகோல். கைப்பிடியின் நீளத்தை இரட்டித்தால் பாதி பலம் போதும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பாய். மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையாலேயே திருகு. பிறகு ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் குறுக்கே குறுக்கே இறுக்கு, வட்டமாகப் போகாதே. வட்டமாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். கடைசி இறுக்கு வண்டியைத் தரையில் இறக்கின பிறகுதான். ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்காதே, சித்தப்பா மிதித்துக் காட்டினாலும்.

கூந்தலைக் கொண்டையாகப் போட்டு வலையோ தொப்பியோ போட்டுக்கொள். துப்பட்டா வேண்டாம், ஓவர்கோட்டு போதும்.

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போய்த் திரும்பி வரும்போது, அடிவாரத்துக்கு நாலைந்து வளைவு இருக்கையில் ஏதோ கருகுகிற வாடை. அடுத்த வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. எப்படியோ ஓரம் கட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி வந்தது. மெக்கானிக் "லைனிங் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அப்படியானால் என்ன கோளாறு?
– ஒரு வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி

சார், நீங்கள் நல்லபடியாக இறங்கி வந்ததே பெரிய விஷயம். உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுவார்கள், பிரேக் ஆயிலைக் குறைந்தால் ஊற்றுவதோடு விட்டுவிடுவார்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். ஒரு டன் எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரம் கீழே இறங்கினால், அந்தச் சக்தி முழுவதும் எங்கேயாவது சூடாக வெளியேறியாக வேண்டும். அந்தச் சூட்டில் 30 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பெரிய அண்டாத் தண்ணீர்! ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வருவது அந்த ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். நீங்கள் டாப் கியரில் வந்து பிரேக்கை மட்டும் மிதித்தால், அண்டாவைக் கொதிக்க வைக்கிற சூட்டை உள்ளங்கை அகலத்துப் பிரேக் பேடுகள் தாங்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டாட் 4 என்கிற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறின பிறகு அது 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். எண்ணெயை அமுக்க முடியாது, அதனால்தான் மிதித்த அழுத்தம் சக்கரம் வரை போகிறது. ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதித்த மிதி முழுவதும் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்து போயிற்று. ஆறினதும் குமிழி மறுபடி எண்ணெயானது, பெடலும் வந்தது. அதனால்தான் மெக்கானிக் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஆயில் முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள், இனி ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை. டப்பா புதிதாக இருக்கட்டும். திறந்து ஷெல்ஃபில் ஆறு மாதம் கிடந்த பாதி டப்பாவை ஊற்ற விடாதீர்கள்.

இறங்கும் முறைக்கு மலை டிரைவர்கள் சொல்கிற ஒரே வாசகம் போதும்: ஏறின கியரிலேயே இறங்கு. ரெண்டாவது கியரில் ஏறின வளைவை ரெண்டாவதிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், காலை அதன் மேலேயே வைத்திருக்காதீர்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை ஏற்காட்டுச் சாலையில் இன்றைக்கும் பார்க்கிறேன். வயிறு பதறுகிறது. மிச்சமும் கிடையாது. இப்போதைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் குடிக்கும். சாவியை அணைத்து விடுவது இன்னும் கொடுமை. பிரேக்குக்கு உதவுகிற வெற்றிடம் ரெண்டு மூணு மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும்.

அடுத்த முறை வாடை வந்ததுமே நிறுத்துங்கள், பெடல் போகிற வரை காத்திருக்க வேண்டாம். அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும், வெடிக்கவும் செய்யும். ரேடியேட்டர் மூடிக்கும் இதே பொறுமை வேண்டும். ஏறும்போது எஞ்சின் சூடாகி நின்றால் உடனே மூடியைத் திறக்கிறவர்களின் முகம்தான் வேகும். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகச் சீறும். மேலே இருக்கிற குழாயைத் துணி வைத்து லேசாக அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம்.

எதிரே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும் என்பதும் சாலை விதியிலேயே இருக்கிறது. அதையும் வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பள்ளியில் மெக்கானிக் படிப்பதால் காரை ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறான் பதினாறு வயது மகன். தெரு வரைக்கும் கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, அழகாபுரம்

கொடுக்காதீர்கள். காருக்கு 18 வயது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு. ஓட்டுவதற்குப் பதிலாக வண்டியை அவன் பொறுப்பில் விடுங்கள். ஞாயிறு காலை, வண்டி நகருவதற்கு முன் டயர் காற்று, ஆயில் குச்சி, கூலண்ட் அளவு, விளக்குகள் எல்லாம் பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். டயரில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019இல் 23ஆவது வாரம் செய்தது. நாலு டயருக்கும், முக்கியமாக ஸ்டெப்னிக்கும், அவனையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பல வீடுகளில் ஸ்டெப்னிதான் கிழடு.

கேள்வி: இனி எல்லாம் எலக்ட்ரிக் வண்டி என்கிறார்கள். ஆயில், எஞ்சின் என்று இப்போது படிப்பது வீணாகிவிடாதா?
– பிளஸ் டூ மாணவர், மேச்சேரி

தம்பி, எலக்ட்ரிக் கார் ஒன்றின் அடியில் குனிந்து பார். டயர், பிரேக், பிரேக் ஆயில், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் அப்படியே இருக்கும். பேட்டரியின் எடையால் டயருக்கு வேலை கூடத்தான் செய்யும். விளக்குக்கும் ஹார்னுக்கும் பெரும்பாலும் பழைய 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கும். ஜாக்கி, ஸ்டாண்டு, கட்டை எதுவும் மாறாது. தூக்குகிற இடம் மட்டும் மாறும், அடியில் இருக்கிற பேட்டரிப் பெட்டியில் ஜாக்கி பட்டுவிடாமல் புத்தகத்தைப் பார்த்துப் போட வேண்டும்.

புதிதாக ஒன்று கற்றுக்கொள். ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த வயர்கள் அதில் ஓடும். அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட். வண்டி அணைந்திருந்தாலும், சாவி உன் பையில் இருந்தாலும் அதைத் தொடாதே. அதற்கென்று பயிற்சி எடுத்து, அதற்கான ரப்பர் கையுறை போட்டவர்கள் மட்டும்தான் தொடலாம். உன் சாரிடம் சொல்லி ஒரு நாள் எலக்ட்ரிக் வண்டி வைத்திருக்கிறவர் யாரையாவது பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆரஞ்சு வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்து எனக்கு அனுப்பு. அடுத்த இதழில் அதிலிருந்து தொடங்குவோம்.